சிறு கப்பல்களின் கதி

புயலடித்து ஓய்ந்த பின்னர்ச் சர்க்கார்கள் கணக்கெடுப்பது வழக்கம். இடிந்த வீடுகள் இத்தனை, சாய்ந்த மரங்கள் இத்தனை, மாண்ட ஜனங்கள் இத்தனை என்று பட்டியல்கள் வெளியாகின்றன. பெரிய கப்பல் ஒன்று மூழ்கியிருந்தால் அதன் பெயர் பத்திரிகைகளில் கொட்டை எழுத்துக்களில் வருகிறது. ஆனால் அரிசி மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு தீவுக்குத் தீவு ஓடிப் பிழைக்கும் சிறு சரக்குக் கப்பல் ஒன்று கரையில் தூக்கியெறியப்பட்டால், அதைப் பற்றி இரண்டு வரி எழுதுவாரும் அரியர். அதிலிருந்த மாலுமிகள் என்ன ஆனார்கள், அந்தக் கப்பலின் எலும்புக்கூட்டை யார் அப்புறப்படுத்தினார்கள் என்று கேட்பாரும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் கடலை உதாரணமாக வைத்து இச்சிறு கப்பல்களின் கதியைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இன்று வெளியிட விரும்புகிறோம். இயற்கையின் சீற்றத்தால் விளைந்தது என்று சொல்லிக் கைகழுவப்படும் இக்கேட்டில் பெரும் பங்கு மனிதரின் அசிரத்தையால் விளைவது என்பதே நமது துணிபு.

அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் 1-ந் தேதி முதல் நவம்பர் 30-ந் தேதி வரையில் சூறாவளிக் காலம். ஹரிக்கேன் என்று அங்கு வழங்கும் அப்புயல், நமது வங்கக் கடலில் எழும் புயலின் உடன்பிறப்பேயாகும், பெயர்தான் வேறு. வருஷத்தில் சரிபாதியான இந்த ஆறு மாதங்களிலும் தீவுகளில் உள்ள ஜனங்கள் சாப்பிடாமல் இருக்க முடியாது. ஆகையால் கப்பல்களும் ஓடாமல் இருக்க முடியாது. அமெரிக்காவிலுள்ள மயாமி நகரத்தின் ஆற்றுத் துறைகளிலிருந்து ஹெய்ட்டியின் சிறு துறைமுகங்களுக்கு அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், பழைய மெத்தைகள், பழைய சைக்கிள்கள், பழைய மோட்டார்கள் ஆகியவற்றை ஏற்றிச் செல்பவை இத்தகைய கப்பல்களே. கீழ்க்கோடித் தீவுகளிலோ காய்கறிகளையும் கிழங்குகளையும் ஏற்றிக்கொண்டு இன்னும் சிறிய கலங்கள் ஓடுகின்றன. பெரிய கப்பல்கள் நுழைய முடியாத ஆழமற்ற துறைகளில் இவை நுழையும். பாரந்தூக்கி யந்திரங்கள் இல்லாத துறைகளில் ஆட்கள் தோளில் சுமந்தே சரக்கை இறக்குவார்கள். தூத்துக்குடித் தோணிகளை அறிந்த நமது நேயர்களுக்கு இத்தொழிலின் தன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இலாபம் சிறிது, அபாயம் பெரிது, ஆனால் இத்தொழில் நின்றுபோனால் எத்தனையோ அடுப்புக்களில் பூனை உறங்கும்.

இனி, இக்கப்பல்கள் ஏன் புயலுக்கு இரையாகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம். முதலாவது, வேகக் குறைவு. பெரிய கப்பல் புயலின் வழியை முன்கூட்டி அறிந்து, இரண்டு நாள் சுற்றி வளைத்தேனும் தப்பிவிடலாம். மணிக்கு எட்டு அல்லது பத்துக் கடல்மைல் செல்லும் கிழக் கப்பலைப் புயல் துரத்திப் பிடித்துவிடும். இரண்டாவது, வயது. பணக்கார தேசங்கள் முப்பது வருஷம் உழைத்துத் தேய்த்த கப்பல்கள் ஏழைக் கடல்களுக்கு விலையாகி வருகின்றன. அவற்றின் இரும்புத் தகடு துருவேறி மெலிந்திருக்கும். சரக்கறையின் மூடிகள் இறுகப் பொருந்தா. மூன்றாவது, தஞ்சம் புகத் துறையில்லாமை. கடலுக்குள் ஓடித் தப்ப இயலாத கப்பல் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டுக் கிடக்கும். புயலோடு பொங்கி வரும் கடல் வெள்ளம் அதை நங்கூரத்தோடு பெயர்த்துக் கரையின் மேல் ஏற்றிவிடும். கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ என்னும் சிறு தீவில், மரக்கலம் கட்டும் தொழில் பரம்பரையாக நடந்து வருகிறது. அத்தொழிலை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023-ஆம் ஆண்டில் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக அங்கீகரித்தது. அடுத்த வருஷமே, 2024 ஜூலை 1-ந் தேதி, பெரில் என்னும் சூறாவளி அத்தீவின் மீது ஏறி வந்தது. அலையாத்திக் காட்டின் மறைவில் ஒதுங்கியிருந்த படகுகள்கூட ஒன்றின்மேல் ஒன்று மோதிச் சிதைந்தன. இருப்பதில் நல்ல ஒதுக்கிடத்தின் கதியே இதுவானால், ஒதுக்கிடமே இல்லாத தீவுகளைப் பற்றி என்ன சொல்வது?

கப்பலையும் மாலுமியையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தரும் நாள் ஒன்று உண்டு. அது 2015-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி. அன்று வாகீன் என்னும் சூறாவளி பஹாமாத் தீவுகளின் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதன் வட்டத்திற்குள் இரண்டு சரக்குக் கப்பல்கள் அகப்பட்டன. ஒன்று எல் பாரோ என்னும் அமெரிக்கக் கப்பல். 790 அடி நீளம். புளோரிடாவிலுள்ள ஜாக்ஸன்வில் துறையிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குக் கண்டெயினர்களையும் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் சென்றது. மற்றொன்று மினூஷ் என்னும் சிறு கப்பல்; 212 அடி நீளம்; ஹெய்ட்டியை நோக்கிச் சென்றது. இரண்டும் மூழ்கின. எல் பாரோவில் இருந்த 33 பேரில் ஒருவரும் மீளவில்லை. மினூஷில் இருந்த 12 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

இந்த முடிவு நேயர்களுக்கு வியப்பாயிருக்கலாம். பெரிய கப்பலில் இருந்தவர்கள் மாண்டதும் சிறிய கப்பலில் இருந்தவர்கள் பிழைத்ததும் எங்ஙனம்? விதி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார் அப்படிச் சொல்லி விட்டுவிடவில்லை. பதினையாயிரம் அடி ஆழத்தில் கிடந்த கப்பலைத் தேடி, அதன் பதிவுக் கருவியை 2016 ஆகஸ்டில் மேலே கொண்டுவந்தார்கள். கப்பலின் மேல்தட்டில் பேசிய பேச்சு இருபத்தாறு மணி நேரத்திற்கு அதில் பதிந்திருந்தது. 2017 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது. காப்டன் பழைய வானிலைச் செய்தியை நம்பிப் புயலை நோக்கியே கப்பலைச் செலுத்தினார். கீழ் அதிகாரிகள் இரவில் தந்த எச்சரிக்கைகள் பலன் தரவில்லை. கப்பலைக் கைவிட மாலுமிகளைக் கூட்டியதும் மிகத் தாமதம். நாற்பது வயதான அக்கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகுகளோ மேற்கூரை இல்லாத பழைய மாதிரி. அந்த அலைகளில் அவற்றால் பயனில்லை. புதிய கப்பல்களுக்கு மூடிய படகுகள் வேண்டும் என்ற விதி, பழைய கப்பலென்பதால் இதைத் தொடவில்லை. முதலாளிகளின் மேற்பார்வையும் போதவில்லை. இவற்றோடு 53 சிபாரிசுகளையும் சபையார் வெளியிட்டார்கள்.

மினூஷின் கதை வேறு. கப்பல் 45 பாகை சாய்ந்துவிட்டது என்று தெரிந்தவுடன் அபாய அறிவிப்புக் கருவி ஒலித்தது. மாலுமிகள் காற்றடைத்த மிதவையில் இறங்கினார்கள். கும்மிருட்டில், புயலுக்கு நடுவில், அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் அவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் மேலே ஏற்றிற்று. காவற்படை வீரர்களின் தீரத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அந்தத் தீரம் பயன்பட வேண்டுமானால், முழுகுகிற கப்பலில் வேலை செய்யும் ஓர் அபாயக் கருவியும், கிழியாத ஒரு மிதவையும், தக்க தருணத்தில் இறங்குங்கள் என்று உத்தரவு கொடுக்கும் ஒரு தலைவனும் இருந்தாக வேண்டும். புயல் இரண்டு கப்பல்களுக்கும் பொது. உயிரைக் காத்தது கப்பலின் நீளமன்று; கொடியின் பெருமையுமன்று; ஆயத்தமே. ஆகவே, ஏழைக் கப்பலில் பிராண பயத்தோடு வேலை செய்வது ஏழையின் தலையெழுத்து என்று யாரேனும் வாதிப்பாரானால், மினூஷின் 12 மாலுமிகளையே நாம் சாட்சியாக நிறுத்துவோம்.

இங்கே மற்றொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மினூஷ் கப்பலின் மேல் பறந்தது பொலிவியா தேசத்தின் கொடி. பொலிவியாவுக்குக் கடற்கரை கிடையாது! 1879-ஆம் ஆண்டில் சிலி தேசத்தோடு மூண்ட யுத்தத்தில் அது தன் கரையை இழந்தது. மலைகளுக்கு நடுவில் உள்ள ஒரு தேசத்தின் கொடி, ஹெய்ட்டிக் கடலில் ஓடும் கப்பலில் பறப்பானேன்? அந்தத் தேசத்தில் பதிவுக் கட்டணம் செலுத்தினால் கொடி கிடைக்கிறது. இப்படிக் கொடியை விலைக்கு விற்பது இன்று உலகமெங்கும் பெரிய வியாபாரமாகிவிட்டது. தேசத்தின் கொடி என்பது பிரஜையைக் காப்போம் என்று அத்தேசம் செய்து கொடுக்கும் பிரதிக்ஞை. அதைக் கடைச்சரக்காக விற்ற பின், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு மாலுமி தத்தளிக்கும்போது எந்தச் சர்க்கார் அவனுக்குப் பொறுப்பாளி? கப்பலின் முதலாளி ஒரு தேசத்தவன். கொடி மற்றொரு தேசத்தது. மாலுமிகளோ வேறு பல தேசங்களிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள். இத்தனை பேர் சேர்ந்த இடத்தில் பொறுப்பு மட்டும் ஒருவரிடத்திலும் தங்குவதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1912-ல் டைட்டானிக் முழுகிற்று. 1914-ல் கடலில் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய முதல் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1974-ஆம் வருஷத்து உடன்படிக்கை. அதன் விதிகளிற் சில எல்லாக் கப்பல்களையும் தழுவும். வாயர்லெஸ் கருவி பற்றிய விதிகள் 300 டன்னிலிருந்து தொடங்கும். ஆனால் அதன் முக்கியமான விதிகள் 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பலைத் தம் வாயிலில் சேர்ப்பதில்லை. 500 டன்னுக்கு ஒரு டன் குறைந்தால் அலை அக்கப்பலிடத்தில் இரக்கங் காட்டுமோ? சிறிய கப்பலுக்கன்றோ சட்டத்தின் துணை அதிகம் வேண்டும்! இக்குறையை உணர்ந்த கரிபியன் நாடுகள் 1996-ல் பார்படோஸில் கூடித் துறைமுகச் சோதனைக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களுக்கென்று தனி விதித் தொகுதி ஒன்றையும் ஏற்படுத்தின. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பெரிய வல்லரசுகள் மறந்த காரியத்தைச் சிறு தீவுகள் செய்தன. ஆயினும் ஏட்டிலுள்ள விதி கப்பலில் ஏறிப் பார்ப்பதற்கு இன்ஸ்பெக்டர்கள் வேண்டும். இன்ஸ்பெக்டர்களுக்குச் சம்பளம் வேண்டும். சோதனையில் தவறிய கப்பலைத் தடுத்து நிறுத்தத் துணிவும் வேண்டும். தடுத்தால் நாளைக்குத் தன் தீவுக்கே அரிசி வராது என்னும் நிலையில் உள்ள அதிகாரி என்ன செய்வார்?

புயலின் இயல்பை அறியாததால் நேர்ந்த நஷ்டம் என்று இனிச் சொல்வதற்கும் இடமில்லை. இந்த ஞானம் மாலுமிகளுக்காகவே பிறந்தது. வில்லியம் ரீட் என்னும் அதிகாரி பார்படோஸில் சூறாவளி செய்த நாசத்தைக் கண்டு, கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேகரித்து ஆராய்ந்து, புயல்களின் விதியைப் பற்றி 1838-ல் நூல் வெளியிட்டார். அவ்வழியைப் பின்பற்றி, கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் வங்கக் கடற் புயல்களை ஆராய்ந்தார். சைக்ளோன் என்னும் சொல்லையே அவர்தாம் ஆக்கினார். கடல் வரைபடத்தின் மீது வைத்துப் பார்த்துப் புயலின் மையம் எப்பக்கம் இருக்கிறதென்று சாதாரண மாலுமியும் அறிந்துகொள்ளும்படி, ஒளி ஊடுருவும் மெல்லிய தகடுகளைத் தம் கைந்நூலோடு சேர்த்து வெளியிட்டார். ஹவானாவில் பெனிட்டோ வின்யெஸ் என்னும் பாதிரியார் 1875-லேயே சூறாவளி வருமுன் ஜனங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார். இன்று வானத்தில் சுற்றும் துணைக்கோள்கள் புயலின் கண்ணையே படம் பிடித்து அனுப்புகின்றன. இவ்வளவு அறிவும் இருக்க, அந்த அறிவு கடைசி மாலுமியின் காதுக்கு எட்டாவிட்டால், அது பெட்டியில் பூட்டிய மருந்துக்குச் சமானம். எல் பாரோவின் காப்டனுக்கே பல மணி நேரம் பழையதான வானிலைப் படம் எமனாக முடிந்ததென்றால், சந்தாக் கட்டிச் செய்தி வாங்க வகையற்ற சிறு கப்பலின் தலைவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் உடைந்த பின் நடப்பதும் இவ்வளவே வெட்ககரமானது. 1926-ஆம் ஆண்டுச் சூறாவளியில் பிமினித் தீவுக்கருகே தரை தட்டிய சபோனா என்னும் சிமெண்டுக் கப்பல் இன்றும் அங்கேயே நிற்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானிகள் குண்டு போட்டுப் பழகுவதற்கு அது உதவிற்று. டர்க்ஸ் கேக்கஸ் தீவுகளில் லா பமீல் எக்ஸ்பிரஸ் என்னும் சரக்குக் கப்பல் இருக்கிறது. 1952-ல் போலந்தில் கட்டப்பட்டு, சோவியத் ருஷ்யாவுக்கு ஊழியம் செய்து, பின்னர் விலையாகிக் கரிபியன் கடலுக்கு வந்த கப்பல் அது. 2004 செப்டம்பரில் பிரான்ஸஸ் என்னும் சூறாவளி அதை ஆழமற்ற மணற்பரப்பில் ஏற்றிவிட்டுப் போயிற்று. அன்று முதல் அது துருப்பிடித்து நிற்கிறது. உல்லாசப் பிரயாணிகள் அதனருகே படகில் சென்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காட்சியாக நிற்பதோடு போனால் பரவாயில்லை. பவழப் பாறைகளின் மேல் ஏறிய கப்பல்கள் ஒவ்வோர் அலைக்கும் அப்பாறைகளை அரைத்துத் தூளாக்குகின்றன. எண்ணெய் கசிந்து மீன்களின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறது. துறைமுக வாயிலில் கிடப்பவை வருகிற கப்பல்களுக்கு இடையூறாகின்றன. முதலாளியைத் தேடினால் விலாசத்தில் ஒரு தபால் பெட்டி மட்டுமே இருக்கும். அகற்றும் செலவு, புயலால் ஏற்கனவே குடிமுழுகிப்போன தீவின் சர்க்காரின் தலையில் விழுகிறது.

இதற்கும் 2007-ல் நைரோபி நகரத்தில் ஓர் உடன்படிக்கை செய்து, 2015 ஏப்ரலில் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். உடைந்த கப்பலை அகற்றும் பொறுப்பு முதலாளியுடையது என்றும், அதற்காக அவர் இன்ஷியூரன்ஸ் செய்திருக்க வேண்டுமென்றும் அது கூறுகிறது. நல்லதே. ஆனால் இங்கேயும் இன்ஷியூரன்ஸ் கட்டாயம் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கே. மறுபடியும் சிறு கப்பல் வெளியே நிற்கிறது. பிழைத்துக் கரையேறிய மாலுமியின் சம்பளத்தைப் பற்றியோ, கப்பல் முழுகினால் இரண்டு மாதச் சம்பளம் வரை நஷ்ட ஈடு தர வேண்டுமென்ற நியாயத்தைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1920-லேயே ஜெனோவாவில் வகுத்தது. கப்பலே மறைந்து, முதலாளியும் மறைந்த பின், அந்த நியாயத்தை அம்மாலுமி எந்தக் கோர்ட்டில் எடுத்துச் சொல்வான்?

நமக்கு எதிராக ஓர் ஆட்சேபம் கூறப்படும் என்பதை அறிவோம். சிறு கப்பல்கள்மீது இத்தனை விதிகளைச் சுமத்தினால் சரக்குக் கூலி ஏறும்; கூலி ஏறினால் அரிசி விலை ஏறும்; ஏழைத் தீவு ஜனங்களே கஷ்டப்படுவார்கள் என்பது அவ்வாட்சேபம். இது வீண் வாதமென்று நாம் தள்ளிவிட மாட்டோம். துறைக்கு வரும் ஒரே கப்பலை நிறுத்திவிட்டு, பாதுகாப்பு ஓங்கிற்று என்று மகிழ்வதில் பொருளில்லை. ஆனால் இதே வாதத்தை இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்ஸாலின் எதிரிகளும் கூறினார்கள். அளவுக்கு மீறிப் பாரமேற்றிச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று பெயரெடுத்த கலங்களில் மாலுமிகளை அனுப்பிய முதலாளிகள், வியாபாரம் கெட்டுவிடுமென்று பார்லிமெண்டில் கூக்குரலிட்டார்கள். 1876-ல் சட்டம் வந்தது; கப்பலின் விலாவில் பாரக் கோடு விழுந்தது; வியாபாரம் கெடவில்லை. மேலும், செலவே இல்லாமல் இப்போது காரியம் நடப்பதாக எண்ணுவது பிழை. செலவு இன்றும் இருக்கத்தான் செய்கிறது. அதை மாலுமி பிராணனாகவும், அவன் மனைவி மக்கள் பட்டினியாகவும், மீனவன் கெட்டுப்போன பவழப் பாறையாகவும் கொடுத்துத் தீர்க்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் ஏறாததால் அது செலவல்ல என்று ஆகிவிடுமா?

எனவே, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திச் சொல்கிறோம். மலிவானது முதலில் வரட்டும். அபாய அறிவிப்புக் கருவியும், காற்றடைத்த மிதவையும், ஒவ்வொரு மாலுமிக்கும் மிதவைச் சட்டையும் இல்லாத கப்பல் எத்தனை டன்னாயினும் எத்துறையிலிருந்தும் கிளம்பக் கூடாது. இவற்றை வாங்க வகையில்லாத சிறு முதலாளிகளுக்கு, சரக்கை ஏற்றி அனுப்பி இலாபமடையும் பெரிய தேசங்கள் கடனுதவி செய்வது நியாயமேயாகும். இரண்டாவது, வானிலைச் செய்தி ஜனங்களின் பொதுச் சொத்து. கட்டணமின்றி, சாதாரண வாயர்லெஸ்ஸில், மாலுமிகளுக்கு விளங்கும் பாஷைகளில் அது கிடைக்க வேண்டும். மூன்றாவது, தீவுகள் ஒன்றுகூடிப் புயற்காலத் தஞ்சத் துறைகளைக் குறித்து, அங்கே உறுதியான நங்கூரக் கட்டுக்களை அமைக்க வேண்டும். நான்காவது, கொடியை விற்கும் தேசம் அக்கொடியின் கீழ் நிகழும் மரணத்துக்கும், கைவிடப்பட்ட கப்பலுக்கும் பணப் பொறுப்பும் ஏற்க வேண்டும். ஏற்காத தேசத்தின் கொடியைத் துறைமுகங்கள் அனுமதிக்கலாகாது. ஐந்தாவது, 500 டன், 300 டன் என்ற வேலிகளைத் தாழ்த்தி, சிறு கப்பல்கள் சேர்ந்து கட்டும் பொது இன்ஷியூரன்ஸ் நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும். ஆறாவது, பெரிய கப்பலுக்கு நடந்ததுபோல் சிறிய கப்பல் முழுகினாலும் பகிரங்க விசாரணை நடந்து, முடிவு வெளியாக வேண்டும். விசாரணையில்லாத மரணம் அடுத்த மரணத்துக்கு வழிகாட்டி.

கடல் நீர் வெப்பமேறிவரும் இக்காலத்தில் கடும் புயல்களின் பங்கு கூடும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். 2024-ல் பெரில் சூறாவளி, ஜூலைத் தொடக்கத்திலேயே ஐந்தாம் தரத்தை எட்டி அவர்களையே திகைக்க வைத்தது. காத்திருக்க நேரமில்லை. இந்தச் சூறாவளிகளைப் பெருக்கும் புகையை வானில் ஏற்றியவர்கள் தீவு ஜனங்களல்லர். ஆனால் அடியைத் தாங்குபவர்கள் அவர்களே. ஆதலின், உதவி கேட்பது அவர்களுக்கு யாசகமன்று, உரிமை. புயலைத் தடுக்கும் வல்லமை மனிதனுக்கு இல்லை. ஓட்டைக் கப்பலைத் துறையில் தடுத்து நிறுத்தும் வல்லமை இருக்கிறது. பன்னிரண்டு பேரைக் கும்மிருட்டில் கயிற்றில் தூக்கிக் காப்பாற்றும் வல்லமையும் இருக்கிறது. அவ்வல்லமையைப் பயன்படுத்தாமல் இருந்துவிட்டுக் காற்றின்மேல் பழியைப் போடுவது எந்தச் சர்க்காருக்கும் அழகன்று. அடுத்த சூறாவளிக் காலம் தொடங்குமுன் கரிபியன் நாடுகளின் சர்க்கார்களும், அவற்றோடு வியாபாரம் செய்யும் பெரிய தேசங்களும் இக்காரியத்தில் இறங்குமாறு வற்புறுத்துகிறோம்.